ஜெராக்ஸ் நோட்ஸ்ல எம்ஜிஆரைக் காணோம்!

கேள்வி: என் பையன் பத்தாவது படிக்கிறான். அவங்க ஹிஸ்டரி சார் புக்குக்கு மேல ரெண்டு பக்கம் ஜெராக்ஸ் நோட்ஸ் குடுத்திருக்கார், தலைப்பு 'தமிழ்நாட்டில் பள்ளி உணவு'. 1920ல நீதிக்கட்சிதான் சாப்பாட்டை ஆரம்பிச்சதுன்னு அரைப்பக்கம், காமராஜருக்கு ஒரே ஒரு வரி, அங்கேருந்து ஒரே தாவா தாவி 1989ல கலைஞர் முட்டை, 2022ல காலை உணவு, அவ்ளோதான். எம்ஜிஆர் பேரே இல்ல! சாருக்கு எந்தக் கட்சின்னு தெருவுக்கே தெரியும். என் வீட்டுக்காரர் இதை போட்டோ எடுத்து பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டு ஹெச்எம் கிட்ட போறேன்னு குதிக்கிறார். போகலாமா? (ஒரு அம்மா, திருச்சி)

பதில்: மொதல்ல அவர் கையில இருக்கற போனை வாங்கி பீரோவுல வைங்கம்மா. அப்புறம் அந்த நோட்ஸை இன்னொரு தடவை படிங்க. அதுல ஒரு வரிகூட பொய் இல்ல, அதான் விஷயமே. 1920ல நீதிக்கட்சி சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவரா இருந்தப்ப அந்த மாநகராட்சிதான் ஆயிரம் விளக்குல ஒரு ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு சாப்பாடு போட்டுப் பாத்துச்சு, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு வெச்சு. அது நிஜம். முட்டை நிஜம். 2022 செப்டம்பர் 15 மதுரையில காலை உணவு ஆரம்பிச்சதும் நிஜம். இவ்ளோ நிஜத்தை வெச்சுக்கிட்டே ஒரு சார் எப்படி ஒரு பக்கமா சாய முடியும்னா, எதைச் சொல்லாம விட்டார்ங்கறதுலதான். நம்ம ஆளுங்க நோட்ஸ்ல தப்பைத் தேடுவாங்க, காலி இடத்தைத் தேட மாட்டாங்க.

காலி இடம் எவ்ளோ பெருசுன்னு பாருங்க. 1956ல காமராஜர் எட்டயபுரத்துல தொடங்கி ஊர் ஊரா நன்கொடை வாங்கி, கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஓடி ஓடி நடத்தினது. 1961லேர்ந்து கேர்ங்கற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால் பவுடர், எண்ணெய், மஞ்சள் சோள மாவுன்னு அனுப்பினது. அப்புறம் 1982 ஜூலை 1, சத்துணவுத் திட்டம். அதை எம்ஜிஆர் எங்க ஆரம்பிச்சார் தெரியுமா, உங்க திருச்சி பக்கத்துல பாப்பாக்குறிச்சியில! உள்ளூர்ல நடந்த சரித்திரத்தை உள்ளூர் ஸ்கூல் நோட்ஸ்லயே காணோம்னா உங்க வீட்டுக்காரருக்கு கோபம் வர்றது நியாயம்தான், நான் இல்லைங்கல.

எங்க வீட்ல 'யார் போட்ட சாப்பாடு சாப்பிட்டே'ன்னு கேட்டாலே வயசைக் கண்டுபிடிச்சிடலாம். எங்க அப்பா காமராஜர் சாப்பாடு, நான் எம்ஜிஆர் சாப்பாடு. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே அலுமினியத் தட்டு டெஸ்க்குக்கு அடியில டங் டங்குன்னு சத்தம் போடும், வாத்தியார் பிரம்பைத் தூக்குவார். எங்க அப்பா அந்த சோள மாவு உப்புமா வாசனையை அறுபது வயசுலயும் சொல்லிக்காட்டுவார். பையனை பாட்டிகிட்ட, பக்கத்து வீட்டு தாத்தாகிட்ட அனுப்பி இந்த ஒரு கேள்வியை மட்டும் கேக்கச் சொல்லுங்க. நோட்ஸ்ல இருக்கற ஓட்டையை அவனே அடைச்சிடுவான்.

ஒண்ணு சொல்றேன், உங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்கக் கூடாது. இதே நோட்ஸ் 1982ல ஆரம்பிச்சு 1920ஐ விட்டிருந்தா அவர் இப்படிக் குதிச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த மாதிரி நோட்ஸையும் நான் பாத்திருக்கேன், நீதிக்கட்சின்னாலே வெள்ளைக்காரனுக்குப் பல்லக்கு தூக்கினவங்கன்னு ஒரு வரியோட முடிச்சிருப்பாங்க.

சரி, எந்தக் கட்சிக்கார வாத்தியார் நோட்ஸ்லயும் வராத விஷயம் ஒண்ணு இருக்கு. 2018ல திருப்பூர் மாவட்டத்துல ஒரு ஊர்ல, ஸ்கூல்ல சமைக்க வந்த அம்மா தலித்துங்கறதால எங்க பிள்ளைங்க சாப்பிட மாட்டாங்கன்னு சில பேரன்ட்ஸ் போய் நின்னாங்க, போலீஸ் கேஸ் வரைக்கும் போச்சு. பள்ளி உணவோட சரித்திரத்துல இதுக்கும் இடம் உண்டா இல்லையா? தலைவர்களை வரிசையா நிக்க வெச்சு மாலை போடறதுன்னா எல்லாக் கட்சிக்கும் சம பங்கு குடுத்துடலாம். அடுப்புக்கிட்ட நின்னவங்க அப்பவும் நோட்ஸுக்கு வெளியிலதான் நிப்பாங்க.

இப்போ ஹெச்எம் கிட்ட போறது பத்தி. நோட்ஸைப் பிடுங்கச் சொல்லிப் போகாதீங்க. சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு ஹிஸ்டரி புக்ல என்ன ஆச்சுன்னு சொல்றேன். உடையோட சரித்திரம்னு ஒரு பாடம், அதுல திருவிதாங்கூர் தோள்சீலைப் போராட்டம் வரும். அதுல நாடார் சமுதாயத்தைப் பத்தி எழுதியிருந்த சில வரிகள் தப்புன்னு 2012ல தமிழ்நாட்டுக் கட்சிகள் எல்லாம் ஒண்ணா சத்தம் போட்டுச்சு. திருத்தணும்னு கேட்டதுல நியாயம் இருந்துச்சு. கடைசியில என்ன ஆச்சு, 2016 டிசம்பர்ல அந்தப் பகுதியிலேர்ந்து கேள்வியே வராதுன்னு சர்க்குலர், 2019ல பாடமே புக்லேர்ந்து போச்சு. தோள்ல துணி போடறதுக்காக அடி வாங்கின பொம்பளைங்க கதையும் அதோட சேர்ந்து போச்சு. அதிகாரம் இருக்கற எடத்துல போய் இதை சரி பண்ணுங்கன்னா அவங்களுக்கு சுலபமா தெரிஞ்ச வேலை கிழிக்கறது ஒண்ணுதான்.

அதனால பையனையே கிளாஸ்ல கையைத் தூக்கச் சொல்லுங்க, மரியாதையா, 'சார், 1956க்கும் 1989க்கும் நடுவுல சாப்பாடு நின்னுபோச்சா சார்?' அப்படின்னு. நல்ல வாத்தியார்னா சிரிச்சுக்கிட்டே போர்டுல எழுதிப் போடுவார். எரிஞ்சு விழுந்தார்னா, பரீட்சைப் பேப்பர்ல எம்ஜிஆர் பேரை எழுதினதுக்கு மார்க்கைக் குறைச்சார்னா, அப்ப அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு ஹெச்எம் ரூமுக்குப் போங்க, நானே வழி சொல்றேன். அரசுப் பள்ளின்னா ஆசிரியர் எந்தக் கட்சியிலயும் உறுப்பினரா இருக்கக்கூடாதுன்னு 1973 நடத்தை விதிகளே இருக்கு, ஆனா மனசுக்குள்ள ஒரு கட்சி பிடிக்கறதை எந்த விதியாலயும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேணாம்.

கேள்வி: நானே ஹிஸ்டரி டீச்சர்தான். ரெண்டு பக்கமும் சொல்லணும் ரெண்டு பக்கமும் சொல்லணும்னு எல்லாரும் அட்வைஸ் பண்றாங்க. அப்போ குலக்கல்வித் திட்டத்துக்கும் நல்ல பக்கம் இருக்குன்னு நான் சொல்லணுமா? (ஓர் ஆசிரியை, விருதுநகர்)

பதில்: டீச்சர், நீங்க கேள்வியிலயே தீர்ப்பு எழுதிட்டீங்க! 'குலக்கல்வி'ங்கறது எதிர்த்தவங்க வெச்ச பேர். 1953ல ராஜாஜி அரசாங்கம் அதை திருத்தப்பட்ட ஆரம்பக் கல்வித் திட்டம்னுதான் சொல்லிச்சு. கிராமத்து ஆரம்பப் பள்ளிகள்ல ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் பாடம், மீதி நேரம் பிள்ளை வீட்ல அப்பா அம்மா செய்யற தொழிலைப் பாத்துக் கத்துக்கணும். அதே கட்டடம், அதே வாத்தியார், ரெண்டு ஷிப்ட்டு, அதனால டபுள் பிள்ளைங்க படிக்கலாம்னு அவர் கணக்கு. பெரியாரும் திமுகவும் கேட்ட கேள்வி சிம்பிள்: சிரைக்கறவர் மகன் சிரைக்கவும் வெளுக்கறவர் மகன் வெளுக்கவும்தான் கத்துக்கணுமா? காங்கிரசுக்குள்ளயே எதிர்ப்பு வந்துச்சு. 1954ல ராஜாஜி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைத் தூக்கிப் போட்டார்.

என்னைக் கேட்டா எதிர்த்தவங்க சொன்னதுதான் சரி, ஜாதியும் தொழிலும் ஒட்டிக்கிட்டிருந்த ஊர்ல அந்தத் திட்டம் வேற எங்க கொண்டுபோய் விட்டிருக்கும். ஆனா உங்க நோட்ஸ்ல ராஜாஜியோட அந்த ஷிப்ட்டு கணக்கு வரலைன்னா பிள்ளைங்களுக்கு எதிர்த்தவங்க எதை எதிர்த்தாங்கன்னே புரியாது, வில்லன் சினிமா பாத்த மாதிரி கைதட்டிட்டுப் போயிடும். அவர் என்ன காரணம் சொன்னார்னு சொல்றது அவருக்கு வக்காலத்து வாங்கறது ஆகாது.

ஜெர்மனியில இதுக்கு ஒரு ஒப்பந்தமே உண்டு, 1976ல பாய்ட்டல்ஸ்பாக்னு ஒரு சின்ன ஊர்ல எல்லாக் கட்சி பக்கத்து கல்வியாளர்களும் உக்காந்து பேசினதுலேர்ந்து வந்தது. மூணு விஷயம்: வாத்தியார் தன் கருத்தை பிள்ளை மேல அமுக்கக் கூடாது, வெளியில சண்டை நடக்கற விஷயம் கிளாஸ்லயும் சண்டையாவே வரணும், தனக்கு இதுல என்ன லாப நஷ்டம்னு பிள்ளையே யோசிக்கக் கத்துக்கணும். கவனிங்க, 'சண்டை நடக்கற விஷயம்'. ஹிட்லர் யூதர்களைக் கொன்னதுக்கு அங்க ரெண்டு பக்கம் கிடையாது. அதே மாதிரி பிள்ளையை ஜாதி பாத்து தள்ளி உக்கார வெச்சதுக்கு இங்க நீங்க ரெண்டாவது பக்கம் தேடி அலைய வேணாம்.

கேள்வி: வாத்தியார் நோட்ஸை விடுங்க, பாடபுத்தகம் மட்டும் ரொம்ப யோக்கியமா? (ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: 2011ல ஆட்சி மாறினப்ப சமச்சீர் கல்வி புத்தகத்துல கலைஞர் சம்பந்தப்பட்ட இடங்கள் மேல ஸ்டிக்கர் ஒட்டினாங்களே, மறந்துட்டீங்களா? ஸ்டிக்கரை உரிச்சுப் பாக்காத பிள்ளை ஒண்ணு உண்டா அந்த வருஷம்! 2023ல மத்திய அரசுப் பாடபுத்தகம் போடற டெல்லி என்சிஇஆர்டி பன்னண்டாவது ஹிஸ்டரியில முகலாயர் அரசவை பாடத்தைத் தூக்கிச்சு, காந்தி கொலை பத்தின சில வரிகளும் அரசியல் அறிவியல் புக்லேர்ந்து காணாம போச்சு. பாடம் நிறைய இருக்கு, சுமையைக் குறைக்கறோம்னு காரணம் சொன்னாங்க. வாத்தியார் சாய்ஞ்சா நாப்பது பிள்ளை, இவங்க சாய்ஞ்சா நாடு பூரா.

கேள்வி: 1857ஐ 'சிப்பாய் கலகம்'னு எழுதினேன். நோட்ஸ்ல உள்ளபடி 'முதல் சுதந்திரப் போர்'னுதான் எழுதணும்னு சார் ஒரு மார்க் வெட்டிட்டார். (பிளஸ் ஒன் மாணவன், வேலூர்)

பதில்: வேலூர்லேர்ந்து இந்தக் கேள்வியா, அட! தம்பி, 1806 ஜூலை 10ல உங்க கோட்டையில சிப்பாய்ங்க எழும்பினாங்களே, அதை எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு சார்கிட்ட கேளு, கட்டபொம்மனை 1799ல கயத்தாறுல தூக்குல போட்டதையும் கேளு. 'முதல்'ங்கற சொல்லுக்கு அப்பவே மூச்சு முட்டிடும். ஆனா உன் பக்கமும் ஓட்டை இருக்கு, 'கலகம்'ங்கறது வெள்ளைக்காரன் வெச்ச பேர். அடுத்த தடவை 'ஆங்கிலேயர் சிப்பாய் கலகம் என்றும் இந்திய தேசியவாதிகள் முதல் சுதந்திரப் போர் என்றும் அழைத்த 1857 எழுச்சி'ன்னு ஒரே வரியா எழுதிடு. வெட்ட இடம் இருக்காது. அப்புறம் பப்ளிக் எக்ஸாம் பேப்பரைத் திருத்தப் போறது உங்க சார் இல்ல, அதையும் ஞாபகம் வெச்சுக்க.