வாசகர் கேள்வி–பதில்: உயரே போகப் போகக் குளிர்வது எதுவரை?

கேள்வி: மலையில் ஏற ஏறச் சூரியனை நெருங்குகிறோம்; ஆனாலும் குளிர்கிறதே, ஏன்? காற்று மண்டலம் முழுவதும் இப்படியே குளிர்ந்துகொண்டு போகுமா?

பதில்: சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதில் சில கிலோமீட்டர் குறைவதை ஒரு கணக்காகவே கொள்ள வேண்டியதில்லை. சூரிய ஒளியின் பெரும்பகுதி காற்றை ஊடுருவிச் சென்று தரையைச் சூடாக்க, அந்தத் தரையே காற்றைச் சூடாக்குகிறது. அடுப்பு தலைக்கு மேலே இல்லை, காலடியில் இருக்கிறது. சூடான காற்று மேலெழும்போது அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதால் விரிகிறது, விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவிடுவதால் குளிர்கிறது. கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் இப்படிக் குறைகிறது.

இது எங்கும் நிற்காமல் குறைந்துகொண்டே போகும் என்றுதான் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பலரும் கருதினார்கள். பிரெஞ்சு வானிலையாளர் டீஸரான் டி போர், பாரிஸுக்கு அருகிலிருந்து கருவிகள் கட்டிய பலூன்களைப் பறக்கவிட்டபோது, சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை இறங்க மறுத்தது. வெயில் பட்டுக் கருவி தவறாகக் காட்டுகிறதோ என்று ஐயுற்ற அவர், இரவிலும் பலூன்களை அனுப்பிப் பார்த்தார்; முடிவு மாறவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களுக்குப் பிறகே, 1902இல், அதை வெளியிட்டார். தன் கருவியையே முதலில் சந்தேகித்த அந்தப் பொறுமைதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கேள்வி: அப்படியானால் காற்று மண்டலத்தில் பல அடுக்குகள் உண்டா? அவற்றைப் பிரிக்கும் கோடு எது?

பதில்: வெப்பநிலை திசை மாறும் இடம்தான் கோடு. நாம் வாழும் கீழடுக்கு துருவங்களில் சுமார் 8 கிலோமீட்டர் உயரமும், நிலநடுக்கோட்டுப் பகுதியில் 16 முதல் 18 கிலோமீட்டர் உயரமும் கொண்டது. மொத்தக் காற்றின் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் இதற்குள் அடங்கிவிடுகிறது. மழை, புயல், இடி எல்லாம் பெரும்பாலும் இங்கேதான்.

அதற்கு மேல், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரை இருப்பது மீள் அடுக்கு. இங்குள்ள ஓசோன், புற ஊதாக் கதிர்களை விழுங்கி வெப்பமாக மாற்றுவதால், உயரே போகப் போக வெப்பம் கூடுகிறது. ஓசோன் மிகச் செறிவாக இருப்பது 20–25 கிலோமீட்டரில் என்றாலும், கதிர்களை முதலில் எதிர்கொள்வது உச்சிப் பகுதி என்பதால் வெப்பமும் அங்கேதான் அதிகம். குளிர்ந்த காற்று கீழேயும் வெப்பமான காற்று மேலேயும் இருந்தால், இரண்டும் புரண்டு கலக்க வழியில்லை. மளமளவென்று வளரும் இடிமேகத்தின் உச்சி, கொல்லனின் பட்டடைக்கல்லைப் போலத் தட்டையாகப் பரவி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழடுக்கின் கூரையில் முட்டி, பக்கவாட்டில் வழிகிறது அந்த மேகம். கலக்கம் இல்லாததற்கு இன்னொரு விளைவும் உண்டு. 1991இல் பினாட்டுபோ எரிமலை மீள் அடுக்கில் கொட்டிய கந்தகத் துகள்களைக் கழுவிவிட அங்கே மழை இல்லாததால், அவை ஓரிரு ஆண்டுகள் தங்கிச் சூரிய ஒளியை மறித்து, உலகின் சராசரி வெப்பநிலையை ஏறத்தாழ அரை டிகிரி குறைத்தன.

50 முதல் 85 கிலோமீட்டர் வரையிலான இடையடுக்கில் மீண்டும் குளிர் தொடங்கி, உச்சியில் சுழியத்துக்குக் கீழே 90 டிகிரி வரை போகிறது. எரிகற்களில் பெரும்பாலானவை எரிந்து முடிவது இந்த அடுக்கில்தான்.

கேள்வி: இடையடுக்குக்கு மேலுள்ள வெப்ப அடுக்கில் 1000 டிகிரிக்கு மேல் வெப்பம் என்கிறார்கள். அங்கே சுற்றும் விண்வெளி நிலையம் ஏன் உருகவில்லை?

பதில்: வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. கத்திக்குச் சாணை பிடிக்கும்போது தெறிக்கும் பொறி, கொதிநீரைவிடப் பல மடங்கு சூடானது; ஆனாலும் கையில் பட்டால் பெரும்பாலும் சுடுவதில்லை, ஏனெனில் அது துளியளவே. நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் மூலக்கூறுகள் அதிவேகமாக ஓடுகின்றன, அந்த வேகத்தையே 1000 டிகிரி என்று குறிக்கிறோம். ஆனால் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோதுவதற்கே பல கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும் அளவுக்கு அவை அரிது. நிலையம் சூடாவது பெரும்பாலும் நேரடி வெயிலால்தான். இருந்தும் அந்த அற்பக் காற்று சும்மா இருப்பதில்லை: உராய்ந்து உராய்ந்து நிலையத்தைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்குவதால், அவ்வப்போது உந்திகளை இயக்கி அதை மேலே தள்ள வேண்டியிருக்கிறது.

கேள்வி: காற்று மண்டலம் எங்கே முடிகிறது?

பதில்: 100 கிலோமீட்டரில் விண்வெளி தொடங்குவதாகப் பலர் வைத்துக்கொள்வது வசதிக்கான எல்லைதான். எல்லாவற்றுக்கும் மேலே உள்ள வெளியடுக்கில் ஹைட்ரஜன் அணுக்கள் மெல்ல மெல்ல அருகிக்கொண்டே போகின்றன. சூரியனை ஆராயும் சோஹோ விண்கலத்தின் பழைய பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கணக்குப்படி, அவை சுமார் 6,30,000 கிலோமீட்டர் வரை பரவியுள்ளன. நிலவு இருப்பதோ சராசரியாக 3,84,000 கிலோமீட்டரில்.