வீட்டுக்குள் ஆமைக்கு ஒரு பாத்தி

கேள்வி: வணக்கம் ஐயா. சொந்த ஊர் மன்னார்குடி பக்கம், இப்போது இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். நகராட்சியிடம் குத்தகைக்கு எடுத்த தோட்டத்துண்டில் பீன்ஸ், வெங்காயம், கீரை போடுகிறேன். பக்கத்துத் தோட்டக்காரப் பெரியவர் ஊர் மாறிப் போகும்போது தான் வளர்த்த ஹெர்மன் ஆமையை எங்களிடம் கொடுத்துவிட்டார். வயது 4, ஓட்டின் நீளம் 11 சென்டிமீட்டர். கண்ணாடித் தொட்டியில் மரச்சீவல் பரப்பி, சிவப்பு பல்பு போட்டு, ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீரும் வைத்திருக்கிறோம். வெள்ளரி, தக்காளி, லெட்யூஸ் கொடுக்கிறோம். நாள் முழுக்கக் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே நடக்கிறது. ஓட்டுக் கட்டங்கள் மேடு மேடாக எழும்புவது போலவும் தெரிகிறது. குளிர் தொடங்குவதற்குள் வீட்டுக்குள்ளேயே இயற்கையாக ஓர் இடம் அமைத்துக் கொடுக்க ஆசை. எப்படிச் செய்வது?

பதில்: வணக்கம் சகோதரி. ஆமை என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குக் கிணற்று ஆமையும் குளத்து ஆமையும்தான் நினைவுக்கு வரும். கையில் கிடைத்த ஆமையைத் தண்ணீரில் போடுவதும் அந்தப் பழக்கத்தால்தான். உங்களிடம் இருப்பது நில ஆமை, நீந்தத் தெரியாது. ஆழமான கிண்ணத்தில் கவிழ்ந்தால் மூழ்கிவிடும். அதனால் முதல் வேலையாக இன்றைக்கே அந்தக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, அது ஏறி இறங்கக்கூடிய தட்டையான மண் தட்டு ஒன்றை வையுங்கள். தண்ணீர் அதன் தாடைக்கு மேல் போகக் கூடாது.

ஹெர்மன் ஆமையின் பூர்வீகம் ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ், இத்தாலியில் தொடங்கி பால்கன் நாடுகள், கிரீஸ் வரை நீளும் மத்தியதரைக் கடலோரப் புதர்க்காடு. கல்லும் மண்ணும் கலந்த தரை, குட்டைப் புதர், அடியில் நிழல், காலையில் நல்ல வெயில். வெயிலில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு மேயப் போகும், உச்சி வெயிலில் புதருக்கடியில் மண்ணைப் பறித்து ஒதுங்கும். கண்ணாடித் தொட்டியில் இதில் எதுவுமே நடக்காது. கண்ணாடி ஒரு தடுப்பு என்பது அதற்குப் புரிவதில்லை. அந்தப் பக்கம் தெரிகிறதே, போய்விடலாம் என்றுதான் நாள் முழுக்கப் பிறாண்டுகிறது.

பெட்டியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பழைய மரப் புத்தக அலமாரி கிடைத்தால் அதை மல்லாக்கப் படுக்க வைத்து, நடுத்தட்டுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே குளத்துக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டை ஓரம் வரை ஏற்றி விரியுங்கள். நான்கடிக்கு இரண்டடி என்பது இந்த வயதுக்குக் குறைந்தபட்ச அளவு. ஆறடி கிடைத்தால் இன்னும் நல்லது, வளர்ந்த பிறகு எட்டுக்கு நாலு தேவைப்படும். பக்கச் சுவர் ஒரு அடிக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் மூலையில் காலை ஊன்றி ஏறுவதில் இவை கெட்டி. அலமாரியின் பக்கப் பலகை அவ்வளவு அகலம் இல்லையென்றால் மேலே ஒரு பலகை அடித்து உயர்த்திக்கொள்ளுங்கள். மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும். குளிர்காற்று தரையோடுதான் வரும் என்பதால் மேசை உயரத்தில் வைப்பது நல்லது. சமையலறையில் மட்டும் வேண்டாம், காரணம் பின்னால் சொல்கிறேன்.

இனி மண். நீங்கள் விவசாயக் குடும்பம் என்பதால் இந்த இடத்தில் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க அதிகம் இல்லை. ஒரு பாத்தி கட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உரம் கலக்காத மேல்மண் ஆறு பங்கு, குழந்தைகள் விளையாடும் கழுவிய மணல் நான்கு பங்கு. கட்டட மணல் வேண்டாம். கடையில் மூட்டையாக வரும் தொட்டிக் கலவையில் ரசாயன உரமும் வெள்ளை வெள்ளையாகப் பெர்லைட் மணிகளும் இருக்கும், ஆமை அதைத் தின்றுவிடும், எனவே அதுவும் வேண்டாம். மணலை மட்டும் போட்டாலும் வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளும். கலவையை 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டு, ஒரு மூலையில் மட்டும் இன்னும் கொஞ்சம் மேடாக்குங்கள். முழு உடம்பும் புதையும் அளவுக்கு ஆழம் வேண்டும்.

ஈரம்தான் முக்கியம். அடிமண் புட்டுமாவுப் பதத்தில் இருக்கட்டும்: பிடித்தால் பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். மேல்மண் காய்ந்திருக்கலாம். மேலே தெளித்தால் மேல்மண் மட்டும் நனைந்து பூஞ்சை பிடிக்கும், அதனால் வாரம் ஒருமுறை ஓரத்தில் தண்ணீர் ஊற்றி அடியில் இறங்க விடுங்கள். உங்கள் ஆமையின் ஓட்டில் எழும்பும் மேடுகளுக்கும் இந்த ஈரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. முன்பெல்லாம் புரதம் அதிகமானால்தான் ஓடு கூம்பு கூம்பாக வளரும் என்று சொல்லிவந்தார்கள். 2003ஆம் ஆண்டு வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமைக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வளர்த்துப் பார்த்தபோது, காற்று வறண்ட இடத்தில் வளர்ந்தவற்றுக்குத்தான் மேடு பெரிதாக எழும்பியது. புரதத்தின் பங்கு அதைவிடச் சிறியது. வேறு இனமாக இருந்தாலும், ஹெர்மன் ஆமை வளர்ப்பவர்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. உங்கள் வீட்டில் மரச்சீவல் ஈரத்தை உறிஞ்சிவிட, ஹீட்டர் காற்றை உலர்த்திவிட, அந்தச் சிறு உயிர் காய்ந்த களத்தில் வளர்ந்திருக்கிறது. இப்போதிருக்கும் மேடு இறங்காது. ஆனால் இனி வளரும் பகுதி சீராக வரும்.

மண்ணுக்குள் புதைகிற ஆசை ஆமையின் ரத்தத்தில் ஊறியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாம்ப்ஷயரின் செல்போர்ன் கிராமத்தில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் டிமோத்தி என்ற ஆமையைத் தோட்டத்தில் வளர்த்தார். நவம்பரில் அது மண்ணைப் பறித்து உள்ளே போவதையும் ஏப்ரலில் வெளியே வருவதையும் ஆண்டுதோறும் எழுதிவைத்தார். (அது பெண் ஆமை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.) அதை நினைக்கும்போதெல்லாம், மண்ணே இல்லாத தொட்டியில் ஓர் ஆமையை வைத்திருப்பது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வெயிலை எப்படிக் கொண்டுவருவது? நமக்கு வெயில் என்றால் சூடும் வெளிச்சமும் ஒன்றாக வருவது. வீட்டுக்குள் அதை இரண்டு விளக்காகப் பிரித்துத்தான் கொடுக்க முடியும். பெட்டியின் ஒரு கோடியில் மேலிருந்து வெள்ளை ஒளி தரும் சூட்டு விளக்கு. அதன் அடியில் ஒரு தட்டைக் கல், ஓடு இருக்கும் உயரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ். அதே இடத்தின் மேல் படும்படி புற ஊதா பி கதிர் தரும் டி5 குழல் விளக்கு, 10 அல்லது 12 சதவீத வகை. கல்லிலிருந்து இரண்டுக்கும் ஒன்று ஒன்றேகால் அடி உயரம் இருக்கட்டும், கடைசியில் விளக்கோடு வரும் தாளில் உள்ள தூரத்தையே நம்புங்கள். இந்தக் கதிர் இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது, சுண்ணாம்புச் சத்து சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் இந்தக் கதிர் இல்லை, எனவே சன்னலோரம் வைப்பது பயன் தராது. குழல் பார்வைக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துவிடும், ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள்.

எதிர்க்கோடி 20 டிகிரி அளவில் குளிர்ச்சியாகவே இருக்கட்டும். சூடும் குளிர்ச்சியும் ஒரே பெட்டியில் இருந்தால் எங்கே போவது என்பதை ஆமையே பார்த்துக்கொள்ளும். விளக்குகள் 12 மணி நேரம் எரிந்தால் போதும். இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், 15 டிகிரி வரை இறங்கினாலும் ஒன்றுமில்லை. சிவப்பு பல்பைக் கழற்றிவிடுங்கள். ஆமைக்கு நிறம் நன்றாகத் தெரியும், இருட்டும் வேண்டும். அப்புறம், சூட்டு விளக்கைக் கவ்வியை மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள், சங்கிலி போட்டுக் கட்டுங்கள். விளக்கு மண்ணில் விழுந்து புகைந்த வீட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டும் அவசியம்.

உள்ளே ஒரு மண் தொட்டியைப் பாதி புதையும்படி சாய்த்து வைத்தால் குகை தயார். குளிர்ந்த கோடியில் வையுங்கள், அதனுள் மண் எப்போதும் ஈரமாக இருக்கட்டும். கற்களைப் படியாக அடுக்கலாம், ஆனால் விளக்குக்கு அடியில் செங்குத்தான எதுவும் வேண்டாம். அங்கே மல்லாந்துவிட்டால் சூட்டிலேயே செத்துப்போகும்.

செடி வைக்கும்போது ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. இன்று நட்டால் நாளை மறுநாள் மொட்டைத்தரைதான். மேய்ச்சல் நிலத்தைச் சுழற்சியில் விடுவது போலச் செய்யுங்கள். மூன்று தட்டுகளில் விதைத்து, ஒன்றைப் பாத்திக்குள் மண் மட்டத்துக்குப் பதித்துவிட்டு மற்ற இரண்டையும் சன்னலோரம் வளர விடுங்கள். மேய்ந்து முடித்ததும் மாற்றுங்கள். தோட்டத்துக் கல்லுக்கடியில் தொட்டால் உருண்டுகொள்ளும் சாம்பல் பூச்சிகள் இருக்குமே, அவற்றில் ஒரு கைப்பிடியும் நாலைந்து மண்புழுவும் மண்ணில் விட்டால் மக்கும் இலையைத் தின்று மண்ணைப் புரட்டிவிடும். பூச்சிமருந்து படாத இடத்திலிருந்து எடுங்கள். பெரிய சாணத்தை மட்டும் நாமே அள்ளிவிட வேண்டும்.

தீனிக்கு நீங்கள் காசு செலவழிக்கவே வேண்டாம். பாத்தியில் பிடுங்கி எறிகிறீர்களே, மஞ்சள் பூப் பூத்து ஊதினால் பறக்கும் டேன்டிலயன், தரையோடு படரும் பிளான்டெய்ன், சோ திசில், கொஞ்சம் குளோவர், அதுதான் அதன் முழுச் சாப்பாடு. செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, திராட்சை இலை கிடைத்தால் கொடுங்கள். நார் நிறைய, புரதம் குறைவு, சுண்ணாம்பு அதிகம் என்பது கணக்கு. தக்காளியும் பழங்களும் வயிற்றைக் கெடுக்கும், வெள்ளரியும் லெட்யூஸும் வெறும் தண்ணீர், பசலை வகைக் கீரை சுண்ணாம்பைச் சேரவிடாது. சோறு, பருப்பு, ரொட்டி ஒரு வாய் கூட வேண்டாம். தினமும் அதன் ஓட்டின் அளவுக்கு ஒரு குவியல் போதும். நம் நாட்டு மருந்துக்கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டை ஒரு துண்டு போட்டு வையுங்கள், வேண்டும்போது கடித்துக்கொள்ளும். வழிப்பாதையோரக் களையை மட்டும் பறிக்காதீர்கள், களைக்கொல்லி அடித்திருக்கலாம். டாஃபடில், ஃபாக்ஸ்கிளவ் பூச்செடிகள், யூ மரம், அரளி எல்லாம் விஷம்.

வாரம் இரண்டு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் நிற்க வையுங்கள். குடிக்கும், கழிக்கும். தொட்ட பிறகு எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆரோக்கியமான ஆமையிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கும், சமையலறை வேண்டாம் என்றது அதனால்தான்.

குளிர்கால உறக்கத்துக்கு இந்த ஆண்டு விடாதீர்கள். அதன் உடல்நிலை உங்களுக்கு இன்னும் முழுதாகத் தெரியாது, உறக்கத்துக்கு முன் குடல் காலியாக வேண்டும், பிறகு 5 டிகிரியை ஒட்டிய குளிர் சீராகக் கிடைக்க வேண்டும். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அடுத்த ஆண்டு முடிவு செய்யலாம். கோடையில் வெயில் நாளில் தோட்டத்தில் வேலி கட்டி விடுங்கள். எந்த விளக்கும் அதற்கு ஈடாகாது. நரியும் எலியும் வரும், அதனால் மேலே வலை, இரவில் வீட்டுக்குள்.

பெரியவரிடம் ஆமைக்கான சான்றிதழ் இருந்தால் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். காட்டில் பிடித்த மத்தியதரைக் கடல் ஆமைகளை வாங்கி விற்பதை ஐரோப்பா 1984இல் நிறுத்திய பிறகு, சான்றிதழ் இல்லாமல் இந்த இனத்தை விற்க முடியாது. இன்னொன்று: ஊரில் இருக்கும் உறவினர்கள் இதைப் பார்த்துவிட்டு வயலில் கிடைத்த நட்சத்திர ஆமையைப் பெட்டியில் வளர்க்கக் கிளம்பிவிடக் கூடாது. இந்தியாவில் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். வயலில் கண்டால் தொடாமல் விட்டுவிட வேண்டும், யாராவது பிடித்து வைத்திருந்தால் வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

வாரம் ஒரே நாளில் சமையல் தராசு போன்ற ஒன்றில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள், அந்தத் தராசு ஆமைக்கென்றே தனியாக இருக்கட்டும். அடுத்தடுத்து எடை இறங்கினாலோ, மூக்கில் சளி வழிந்தாலோ, விளக்கு எரிந்தும் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.