ஆகஸ்டில் சைக்கிளில் மலையேறுவது – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நானும் அலுவலக நண்பர்கள் இரண்டு பேரும் ஆகஸ்டில் ஐந்து நாள் லீவு போட்டுச் சைக்கிளில் மலையகம் போக இருக்கிறோம். வெள்ளவத்தையில் புறப்பட்டு முதல் நாளே ஹட்டன், இரண்டாம் நாள் நுவரெலியா, பிறகு றம்பொடை வழியாக இறங்கி, கண்டியில் ஒரு நாள் நின்று கொழும்பு. ஹட்டனுக்கு 125 கிலோமீற்றர்தான் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்கொழும்பு வரை போய்த் திரும்புகிறவர்கள் நாங்கள், ஆகவே முடியும் என்று நினைக்கிறோம். அம்மா மட்டும் வேண்டவே வேண்டாம் என்கிறார். திட்டம் சரியா? என்ன டயர் போடலாம்?

வெள்ளவத்தை வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

போங்கள். கட்டாயம் போங்கள். ஆனால் இந்தத் திட்டத்தோடு போகவேண்டாம்.

நீர்கொழும்பு வீதியில் ஒரு பாலத்தைத் தவிர ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. அங்கே கிலோமீற்றர் கணக்குச் சரிவரும். மலையில் வராது. ஹட்டன் பாதையில் கித்துல்கல வரை ஏறத்தாழ 90 கிலோமீற்றர், பெரிய சிரமம் இருக்காது. மிச்சம் 35 கிலோமீற்றரில் ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏறவேண்டும். அதுவும் 90 கிலோமீற்றர் மிதித்த காலோடு, பின்னேரம், மழையில். அந்த நேரத்தில் கினிகத்தேனை வளைவுகளில் மூன்று பேர் இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. உங்கள் அம்மாவின் பக்கம்தான் நான்.

அடுத்தது மழை. ஆகஸ்டில் தென்மேல் பருவக்காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. மலையின் மேற்கு முகம் அந்த மழை முழுவதையும் வாங்கிக்கொள்ளும். நீங்கள் போக நினைக்கும் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை விழுகிற இடம். அதே மாதத்தில் மலையின் மறுபக்கம், பண்டாரவளை, வெலிமடை எல்லாம் காய்ந்து கிடக்கும். ஒரே மலைக்கு ஒரே நாளில் இரண்டு காலநிலை. நீங்கள் போட்ட பாதை முழுவதும் நனைகிற பக்கத்திலேயே ஏறி, நனைகிற பக்கத்திலேயே இறங்குகிறது.

ஆகவே பாதையை மாற்றுங்கள். முதல் நாள் இரத்தினபுரி, சுமார் 100 கிலோமீற்றர். மழை வரலாம், ஆனால் பெரிய ஏற்றம் இல்லை. இரண்டாம் நாள் பலாங்கொடை தாண்டி பெலிஹுல்ஓயா. மூன்றாம் நாள் ஹல்துமுல்ல, பெரகல ஏறி ஹப்புத்தளை. தூரத்தைப் பார்த்தால் அரை நாள் வேலை போலத் தெரியும், ஆனால் பெரகலச் சந்திக்குப் பிறகு வரும் கடைசி ஏற்றம் முழு நாளுக்குச் சமம். இந்தப் பக்கத்தில் ஆகஸ்டில் காற்றுப் பலமாக அடிக்கும், வளைவில் திரும்பும்போது வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். அதனால் காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு மதியம் ஒரு மணிக்குள் தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். நான்காம் நாள் பண்டாரவளை, வெலிமடை வழியாக நுவரெலியா. 1,868 மீற்றர் உயரத்துக்கு வெயில் பக்கத்தால் ஏறுவீர்கள். ஹக்கல வரை முதுகில் வெயில் இருக்கும், சீதா எலிய கோயிலடியில் காற்று ஈரமாகும். அந்த மாற்றத்தைத் தோலில் உணர்வதற்காகவே சைக்கிளில் போகலாம்.

ஐந்தாம் நாள் இறங்கவேண்டாம். நானுஓயாவில் கோச்சி (ரயில்) ஏறுங்கள். கோச்சி ஓடுகிறதா, சைக்கிளைப் பொதியாக ஏற்றுவார்களா என்று கொழும்பிலேயே கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு பட்டா லொறி (சிறிய லொறி) பிடிக்கலாம். கண்டியில் நிற்கவும் வேண்டாம், அந்த நாட்களில் பெரஹராத் திருவிழா என்றால் அறை கிடைப்பதே பெரும்பாடு.

றம்பொடையை ஏன் இவ்வளவு தடுக்கிறேன் என்று சொல்லவேண்டும். ஒரு ஜூலை மாதம் நான் அந்தச் சரிவில் மழையோடு இறங்கினேன். ஈர றிம்மில் பிரேக் உடனே பிடிக்காது, இரண்டு மூன்று சுற்று உருண்ட பிறகுதான் பிடிக்கும். விடாமல் பிரேக்கை அமர்த்திக்கொண்டே வந்ததில் பாதி வழியிலேயே முன் பிரேக்கின் கட்டை தேய்ந்து இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. விரல் மரத்துப் பிடியை உணரவே முடியவில்லை. வளைவோரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. உள்ளே இருந்த அக்கா என்னைப் பார்த்ததும் பழைய வீரகேசரி ஒன்றை நான்காக மடித்துக் கையில் தந்தார். "சட்டைக்குள்ள நெஞ்சுல வச்சுக்கங்க தம்பி, காத்து உள்ள ஏறாது." அப்புறம்தான் பிளேன்டி. அந்தப் பேப்பர் கம்பளை வரை என் நெஞ்சில் சூடாக இருந்தது. 2025 மே மாதம் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட பஸ் விபத்து நடந்த கரண்டியெல்லவும் அந்த வீதியில்தான் இருக்கிறது. பெரிய வாகனமே தவறுகிற சரிவு அது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வழி நெடுகக் கொழுந்து பறிக்கிற பெண்களைப் பார்ப்பீர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்களுடைய முன்னோர் 1823 முதல் இந்த நாட்டுக்கு வந்தவர்கள், மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்தே மலையேறியவர்கள். நாம் லீவுக்கு ஏறுகிற சரிவில் அவர்கள் தினமும் கூடையோடு ஏறுகிறார்கள். நின்று பேசுங்கள், தோட்டத்துக் கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிடுங்கள். பசிக்க முன்னரே சாப்பிடவும் வேண்டும், ஏற்றத்தில் பசி வந்துவிட்டால் கால் திரும்ப வேலை செய்ய ஒரு மணி நேரம் போய்விடும்.

டயர் கேட்டீர்கள். நல்ல ரப்பர் உள்ள சாதாரண ரோட்டு டயர் போதும், மிக ஒல்லியானது வேண்டாம். டயரை விடப் பின் சக்கரத்தில் சங்கிலி ஓடுகிற பல்லுச் சக்கரங்கள்தான் முக்கியம். அதில் பெரியதற்கு 32 அல்லது 34 பல்லு இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம். புறக்கோட்டை டாம் வீதியில் மாற்றித் தருவார்கள். பிரேக் கட்டை இரண்டு சோடி கூடுதலாக வாங்குங்கள். பின்னுக்கு ஒரு சிவப்பு லைட், பகலிலும் எரியவிடுங்கள், மூடுபனிக்குள் லொறிக்காரருக்குத் தெரிகிறது அது ஒன்றுதான். மண்சரிவு எச்சரிக்கை தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வரும். தினமும் இரவு பாருங்கள். நீங்கள் போகும் பிரதேசத்துக்கு எச்சரிக்கை இருந்தால் அன்று நகரவேண்டாம். அம்மாவிடம் ஐந்து நாள் பட்டியலையும் தங்கும் இடத்துத் தொலைபேசி எண்களையும் எழுதிக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், ஜூலையில் ஒரு சனிக்கிழமை கடுகண்ணாவை வழியாகக் கண்டிக்குப் போய்வாருங்கள். 115 கிலோமீற்றரில் பெரிதாக ஒரே ஒரு ஏற்றம், மேலே டோசன் கோபுரத்தடியில் முடியும். அன்று எந்த கியரில் ஏறினீர்கள், எங்கே இறங்கித் தள்ளினீர்கள் என்று மூன்று பேரும் மறைக்காமல் எனக்கு எழுதுங்கள். இரண்டாம் நாளைப் பெலிஹுல்ஓயாவில் முடிப்பதா, பலாங்கொடையிலேயே நிற்பதா என்பதை அதை வைத்துத்தான் சொல்லலாம்.