காட்டை அடமானம் வைக்காதீங்கண்ணா

சோமனூர்ப் பக்கமிருந்து ஒரு தறிக்காரர், மனைவியையும் பிளஸ் டூ முடித்த மகளையும் என்னிடம் ஆலோசனை கேட்க அழைத்து வந்திருந்தார். மேனேஜ்மென்ட் சீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்க இரண்டு ஏக்கர் காட்டை, அதாவது விளைநிலத்தை, அடமானம் வைக்கலாமா என்று கேட்டார். "ஒறம்பரைல எல்லாப் புள்ளைகளும் அதானுங்க படிக்குது. நாளைக்கு நாலு பேரு கேப்பாங்களே" என்று அம்மா கண் கலங்கினார்.

கொஞ்சம் ஆறுதல் சொன்னேன். அப்புறம் நேராகவே சொல்லிவிட்டேன். அண்ணா, காட்டில் கை வைக்காதீர்கள். கேட்கிற நாலு பேரில் ஒருவரும் வட்டி கட்டப் போவதில்லை. அந்தப் படிப்பு வேண்டும் என்று உங்கள் மகள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவள் மடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அவளுடைய அப்பாரு (தாத்தா) ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த, கொங்கு நாட்டுப்புறக் காவியமான அண்ணமார் கதையின் உடுக்கைப் பாட்டு, 26 கேசட். சிக்கிய நாடாவைப் பிரித்து வேறு கூட்டுக்கு மாற்றியிருக்கிறாள். எந்த ஊர், பாடியவர் யார், எந்த வருஷம் என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டியிருக்கிறாள். தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்றே எழுதியிருந்தாள். எனக்கு அந்த ஒரு சொல் போதும். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்: ஒலி, ஒளி ஆவணக் காப்பாளர்கள்.

பழைய நாடாவில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும். அசிட்டேட் படச்சுருள் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடையை வைத்தும் கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேர கேசட்டை டிஜிட்டலாக்க முழு ஒரு மணி நேரமும் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, அது நாடாவில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துத் திருத்த வேண்டும். அப்புறம் விவரப் பட்டியல், மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். ஹார்டு டிஸ்க்கும் சாகும் என்பதால் சில வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிதுக்கு மாற்ற வேண்டும். 1965இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் அண்ணமார் கதையை நாடாவில் பிடித்து வைத்ததால்தான் அந்தப் பாடகர்களின் குரல் இன்றும் இருக்கிறது. 1935இல் தொடங்கிய சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவிலோ இன்று மிச்சம் நிற்பது வாசல் வளைவு மட்டும்.

இந்தத் தொழில்காரர்கள் கூடினால் எதிர்காலத்தைப் பற்றித்தான் பேச்சு. 1969இல் தொடங்கிய அவர்களுடைய சர்வதேசச் சங்கம், யுனெஸ்கோவோடு சேர்ந்து 2019இல் ஓர் எச்சரிக்கை விட்டது: 2025க்குள் மாற்றாத காந்த நாடாக்களில் பெரும்பகுதியைப் பிறகு கேட்கவே முடியாமல் போகலாம். இயந்திரத்துக்கு உதிரிபாகம் இல்லை. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெறுகிறார்கள். வருகிற இளையவர்களுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஒப்பந்த வேலை. இதை மறைத்து உங்கள் மகளை அனுப்ப மாட்டேன். வேலைகள் குறைவு, ஆரம்பச் சம்பளமும் குறைவு.

அதனால்தான் செலவும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறேன். அரசுக் கல்லூரியில் இயற்பியல் இளங்கலை. அடுத்து ஒரு வருஷம் நூலக அறிவியல். அல்லது டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஒரு வருஷ டிப்ளமோ. மும்பையின் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் 2015 முதல் படப் பாதுகாப்புப் பயிலரங்கு நடத்துகிறது, 2017இல் சென்னையிலேயே நடந்தது. அங்கே படச்சுருளைக் கையில் கொடுத்தே சொல்லித் தருகிறார்கள். இதில் ஒத்துவரவில்லை என்றாலும் நூலக வேலை, ஒலிப்பதிவு வேலை என்று பக்கத்து வழிகள் இருக்கும், கடன் இருக்காது. கடன் வாங்கி வெளிநாட்டு முதுகலை மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்கு உதவித்தொகை கிடைத்தால் போகட்டும்.

"மாமனுக்கு என்ன சொல்றதுங்க?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேசட்டில் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னேன். மாமனுடைய ஊர்க் கோயிலில் பதிவு செய்த பாட்டும் அந்த டப்பாவில் இருக்கிறது.

இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள் அண்ணா. டப்பாவை இனித் தறிக்கூடத்தில் வைக்காதீர்கள். பஞ்சும் சூடும் நாடாவுக்கு ஆகாது. வீட்டுக்குள் வெயில் படாத அலமாரியில், ஸ்பீக்கருக்குத் தள்ளி, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள்.