தொட்டி வாங்கும் முன் ஆளைக் கணக்கெடுங்கள்

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில் 80 வீடுகள். தண்ணீர்த் தடைக்கென்று 10,000 லிட்டர் தொட்டி போதும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 320 பேர். சிக்கனமாக ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 16,000 லிட்டர் வேண்டும். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது பினாங்கில் நான்கு நாள் தடை என்று அறிவித்தார்களே, அந்தக் கணக்குக்கு 64,000 லிட்டர். ஆனால் இங்கே சாதாரண நாளில் ஆளுக்கு 200 லிட்டருக்கு மேல் போகிறது, வழக்கம்போல் குழாயைத் திறந்துவிட்டால் அதே 64,000 ஒரே நாளில் காலி. அதனால் தடை தொடங்கும்போதே நேரம் வைத்துத் திறக்க ஏற்பாடு செய்யுங்கள். இப்போது இருக்கும் தொட்டிகளின் அளவைக் கழித்துவிட்டு மீதிக்கு விலை கேளுங்கள். தீயணைப்புக்கான தொட்டியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

கேள்வி: தள்ளுபடியில் 5,000 லிட்டர் தொட்டி வாங்கிவிட்டோம். கூரை தாங்குமா?

பதில்: நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 5 டன். இதைப் பணம் கட்டும் முன்பே கேட்டிருக்க வேண்டாமா? இன்ஜினியர் பார்த்துச் சொல்லும்வரை மேலே ஏற்றாதீர்கள்.

கேள்வி: இரண்டு கடையிலும் 200 கேலன்தான், ஒன்று மலிவு. எதை வாங்குவது?

பதில்: 200 கேலன் என்றால் சுமார் 900 லிட்டர், ஆனால் அது விளிம்புவரை நிரப்பினால் வரும் அளவு. மிதவை வால்வு அதற்குக் கீழேயே தண்ணீரை நிறுத்திவிடும், அடியில் வெளியேறும் குழாய்க்குக் கீழே தங்குவதும் குழாய்க்கு வராது. என் வீட்டுக்கு வாங்கிய தொட்டியில் அந்தக் குழாயை ஒரு சாண் உயரத்தில் வைத்திருந்தார்கள், அதற்குக் கீழே இருந்த தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. பயன்படும் அளவு எத்தனை லிட்டர் என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: பெரிதாகவே வாங்கிவிட்டால் நல்லதுதானே?

பதில்: இல்லை. தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால் கிருமிகளைத் தடுக்கும் குளோரின் குறைந்துவிடும்.

கேள்வி: அம்மா வீட்டுக்கு வாங்கிய தொட்டி மூன்றே மாதத்தில் வெடித்துவிட்டது. கடைக்காரர் போனை எடுப்பதில்லை.

பதில்: உங்கள் மேல் தவறில்லை அம்மா, விட்டுவிடாதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு போடலாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. ரசீதையும் வெடிப்பின் படங்களையும் எடுத்து வையுங்கள், உடைந்த தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.