என்ஜின் பழுதானால் காரை விற்றுவிட வேண்டுமா?

கேள்வி: 2013ஆம் ஆண்டின் ஸ்விஃப்ட் டீசல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி, குழந்தையைப்போல் பராமரித்து வந்தேன். சென்ற மாதம் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்ததில் என்ஜின் சூடேறி ஜாம் ஆகிவிட்டது. பழைய என்ஜின் வாங்கிப் பொருத்தலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பாடியில் துரு இல்லாமல், கியர்பாக்ஸும் நன்றாக இருந்தால் தாராளமாகப் பொருத்தலாம், இவ்வளவு அக்கறையாக வைத்திருந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட எனக்கும் மனம் வராது. அதற்குமுன், என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, இருக்கும் என்ஜினையே ரீபோர் செய்ய, அதாவது சிலிண்டரைக் கடைந்து சரிசெய்ய முடியுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த 1,248 சிசி என்ஜின் வேறு நிறுவனக் கார்களிலும் உண்டு என்றாலும், டர்போ, சென்சார், வயரிங் ஆகியவை வேறுபடுவதால், அதே மாடலில் இருந்து எடுத்ததையே வாங்குங்கள். வாங்கப்போகும் என்ஜினின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் நுரை படிந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையும் அவசியம். என்ஜின் வெளியே இருக்கும்போதே வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிளட்ச் பிளேட், எல்லா ஹோஸ்களையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஆவணத்தில்தான். விற்பவரிடம் பில்லும், அந்த என்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகலும் வாங்கி, மாற்றும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று, மாற்றிய 14 நாட்களுக்குள் அங்கே தெரிவித்து, புதிய என்ஜின் எண்ணை ஆர்.சி.யில் பதிய வையுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுங்கள்.