நான்கு பென் டிரைவ், 2,000 ரூபாய்

கேள்வி: குரூப் 2 தேர்வுக்குப் படித்து வருகிறேன். ஒரு பயிற்சித் தளத்தில் 6,800 ரூபாய் கட்டி ஓராண்டுச் சந்தா எடுத்தேன். எங்கள் ஊரில் மொட்டை மாடிக்குப் போனால்தான் சிக்னல். ‘ஆஃப்லைன் வசதி விரைவில்’ என்று சொல்லியே ஏழு மாதம் ஓட்டிவிட்டார்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. வேறு வழி தெரியாமல் ஹெச்.டி.டிராக் மென்பொருளை வைத்து, என் லாகினிலேயே முழுத் தளத்தையும் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டேன். 11 ஜி.பி. வந்தது. கூடப் படிக்கும் நான்கு பேருக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஆளுக்கு 500 ரூபாய் ஜிபே செய்தார்கள். அது பென் டிரைவுக்கான காசுதான். இப்போது 12 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாள் கெடு. காசு கட்டிப் படித்தது திருட்டா? ஏமாற்றியதற்கு அவர்கள்மேல் நுகர்வோர் வழக்குப் போடலாமா? லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிடட்டுமா?
– தென்காசி மாவட்ட வாசகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஃபார்மட் செய்யாதீர்கள். லேப்டாப்பை அணைத்து வையுங்கள். அந்த ஃபோல்டரைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம்.

சிக்னல் இல்லாதது, போன் எடுக்காதது, ஆஃப்லைன் வசதி வராதது ஆகியவற்றில் உங்களுக்கு நியாயம் இருக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் சந்தாப் பணத்தில் ஒரு பகுதிகூடத் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் அவை எதுவும் இந்த நோட்டீஸுக்குப் பதில் ஆகாது. இப்போது அதைக் கிளப்பினால் சமரசத்துக்கு வர இருப்பவரையும் விறைப்பாக்கிவிடுவீர்கள். ஓரமாக வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் சட்டம் பார்க்கும் இடம் ஒன்றுதான்: அந்த 500 ரூபாய். பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(a) பிரிவு, சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவதை மீறலாகக் கருதுவதில்லை. முழுத் தளத்தையும் அள்ளியது ‘நியாயமான அளவா’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். லேப்டாப்போடு நின்றிருந்தால் அதற்காவது வாதாட இடம் இருந்தது. பென் டிரைவ் கைமாறியதும் ‘சொந்த உபயோகம்’ என்ற கதவு மூடிவிட்டது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் இன்னும் கடுமையானது. உரிமையாளர் அனுமதியின்றித் தரவை இறக்குவதும் நகலெடுப்பதும் 43(b) பிரிவில் வருகின்றன. பதிப்புரிமைச் சட்டத்தில் உள்ளதுபோன்ற சொந்த உபயோக விலக்கு அங்கே இல்லை. ‘காசு கட்டியிருக்கிறேன்’ என்பது பார்ப்பதற்கான அனுமதி. மொத்தமாக இறக்குவதற்கும் அனுமதி உண்டா என்பதைச் சந்தா சேரும்போது நீங்கள் டிக் செய்த விதிமுறைகள்தான் சொல்லும். அந்தப் பக்கத்தை எடுத்துப் படியுங்கள். ஆனால் லாகின் செய்யாமல், வேறு ஒருவர் போனில்.

43 மட்டும் என்றால் நஷ்டஈட்டோடு போகும். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவு: மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நேர்மையற்ற நோக்கம் என்றால் ஒருவருக்கு முறையற்ற லாபம் அல்லது மற்றவருக்கு முறையற்ற நஷ்டம் உண்டாக்கும் எண்ணம். நான்கு பேரும் தனித்தனியே 6,800 கட்டியிருக்க வேண்டியவர்கள், நீங்கள் 2,000 வாங்கியிருக்கிறீர்கள். அது பென் டிரைவ் விலைதான் என்று காட்ட கடை பில் வேண்டும். பில் இருக்கிறதா? கடைக்காரரிடம் கேட்டாவது வாங்கி வையுங்கள், ஆனால் அன்றைய தேதியில் போட்ட உண்மையான பில்லாக இருக்க வேண்டும். இப்போது எழுதி வாங்கிய பில் உங்களையே மாட்டிவிடும்.

பலர் ஏமாறுவது ஜாமீன் விஷயத்தில். 66-வது பிரிவு ஜாமீனில் விடக்கூடியது என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். உங்கள் நோட்டீஸில் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவும் (பதிப்புரிமை மீறல் குற்றம்) இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குற்றம் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியது, ஜாமீனில் விட முடியாதது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் நிட் புரோ வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. மூன்றாண்டு வரைதான் தண்டனை என்பதால் போலீஸ் வழக்கமாக நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)-இன்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும், எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது. இருந்தாலும் முன்ஜாமீன் மனுவைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

ஃபார்மட் செய்வது ஏன் ஆபத்து? நீங்கள் அழிப்பது உங்கள் பக்கத்து நகலைத்தான். தளத்தின் சர்வர் லாகில், அதாவது அதன் பதிவேட்டில், உங்கள் லாகின், நேரம், ஒவ்வொரு பக்கக் கோரிக்கையும் அப்படியே இருக்கும். ஹெச்.டி.டிராக் அமைப்பை மாற்றாவிட்டால், இறக்கிய ஒவ்வொரு ஹெச்.டி.எம்.எல். பக்கத்துக்குள்ளும் எந்தத் தளத்திலிருந்து, எந்தத் தேதியில், எந்த மென்பொருளால் எடுக்கப்பட்டது என்று ஒரு குறிப்பை எழுதிவிடும். லாகின் செய்து எடுத்ததால், தளம் மேலே ‘வணக்கம்’ போட்டு உங்கள் பெயரைக் காட்டுவதாக இருந்தால் அதுவும் பக்கத்துக்குப் பக்கம் பதிந்திருக்கும். நான்கு பென் டிரைவிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணு ஆவணத்தை அதைத் தடுக்கும் எண்ணத்தோடு அழிப்பது நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 241-இல் தனிக் குற்றம். நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் ‘டெலீட் பண்ணிடு’ என்று அனுப்புவதும் அதே கணக்கில்தான் சேரும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதையும் அழிக்காதீர்கள், வக்கீலிடம் சொல்லுங்கள்.

அந்த லேப்டாப்பில் உங்களுக்குச் சாதகமானதும் இருக்கலாம். ப்ராஜெக்ட் ஃபோல்டரில் ஹெச்.டி.எஸ்-லாக் என்ற கோப்பு இருக்கும். முதல் வரிகளிலேயே எந்த அமைப்புகளோடு ஓடியது என்று எழுதியிருக்கும். தளத்தின் ரோபாட்ஸ் கோப்பை (தானியங்கி மென்பொருள்கள் எங்கே போகலாம், எங்கே கூடாது என்று தளம் சொல்லும் கோப்பு) மதித்து ஓடியதா, அதை அணைத்துவிட்டு ஓடியதா (எஸ்2 என்றால் மதித்தது, எஸ்0 என்றால் மதிக்கவில்லை), வேக வரம்பு இருந்ததா, மென்பொருள் தன் அடையாளத்தைச் சொன்னதா அல்லது சாதாரண பிரவுசர்போல வேஷம் போட்டதா, எல்லாம் அந்த வரியில் தெரியும். மாற்றாத அமைப்பில் ஓடியிருந்தால் ஒளித்துச் செய்யவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. எஸ்0 போட்டு, அடையாளத்தையும் மாற்றியிருந்தால் வழக்காடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

12 லட்சம் என்ற தொகை ‘சர்வர் முடங்கியது’ என்ற குற்றச்சாட்டிலிருந்து வந்திருக்கும். இந்த மென்பொருளுக்குப் படிக்கும் லிங்க் எது, வேலை செய்யும் லிங்க் எது என்று தெரியாது. ‘தேர்வைத் தொடங்கு’ என்பது வெறும் லிங்க்காக இருந்தால் அதையும் தொடும். தொடும்போதெல்லாம் அங்கே ஒரு புதிய தேர்வுப் பதிவு உருவாகும். ‘வெளியேறு’ லிங்க்கைத் தொட்டு லாகின் அறுந்திருந்தால் நீங்கள் திரும்பத் திரும்ப ஓட்டியிருப்பீர்கள். சுமை கூடியிருக்கலாம். ஆனால் நஷ்டக் கணக்கை நிரூபிக்க வேண்டியது அவர்கள். அந்தத் தொகையைக் கண்டு நடுங்க வேண்டாம்.

நடுங்க வேண்டியது எஃப்.ஐ.ஆருக்கு. நீங்கள் எழுதப்போவது அரசு வேலைக்கு. வேலை கிடைத்தால் போலீஸ் சரிபார்ப்பு வரும். நிலுவையில் உள்ள வழக்கு நியமனத்தை நிறுத்திவைக்கலாம். மறைத்தால் அந்த மறைப்பே வேலையைப் பறிக்கலாம். நான்கு ஆண்டு கழித்து விடுதலை ஆனாலும் அதற்குள் உங்கள் வயது வரம்பு என்ன ஆகும்?

ஆகவே சமரசம் செய்யுங்கள், எஃப்.ஐ.ஆருக்கு முன்பே. பதிவான பிறகு வழக்கு அரசுடையது. தளக்காரர் மன்னித்தாலும் தானாக முடியாது. 66-ஐத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 77A-இன்படி நீதிமன்ற அனுமதியோடு சமரசமாக முடிக்கலாம். பதிப்புரிமை 63-க்கு அப்படி வழி இல்லை. உயர் நீதிமன்றத்தில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 528-இன் கீழ் ரத்து மனு போட வேண்டும். அமெரிக்காவில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இணையச் செயற்பாட்டாளர் லட்சக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளை இறக்கியபோது, அவற்றை வைத்திருந்த இணைய நூலகமான ஜேஸ்டோர் நிறுவனம் 2011-இல் அவரோடு சமரசம் செய்துகொண்டது. அரசுத் தரப்பு விடவில்லை. 2013 ஜனவரியில், விசாரணைக்கு முன்பே, 26 வயதில் அவர் இறந்தார். சட்டம் வேறு, நாடு வேறு. ஆனாலும் நிறுவனம் விட்டதால் மட்டும் அரசின் வழக்கு நின்றுவிடவில்லை.

பேரம் நான்கு சந்தாவிலிருந்து, அதாவது 27,200 ரூபாயிலிருந்து தொடங்கட்டும். அவர்கள் வக்கீல் செலவோடு அதன் இரண்டு மடங்கு வரை போனாலும் கையெழுத்துப் போடுங்கள். பேச்சு வக்கீல் மூலம் மட்டும். நீங்களே உருக்கமாக மன்னிப்பு மெயில் அனுப்பாதீர்கள்: ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று தலைப்பில் போட்டாலும் அந்தப் பாதுகாப்பு சிவில் வழக்குக்குத்தான், கிரிமினல் வழக்கில் அந்த மெயில் ஒப்புதலாக வந்து நிற்கும்.

ஒப்பந்த வரைவில் ‘திருடி விற்றேன்’ என்ற வாசகம் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். ‘அனுமதியின்றி நகலெடுத்தது தொடர்பான பிணக்கு’ என்பது போதும். எதிர்காலத்தில் எங்கே நகல் கிடைத்தாலும் நீங்கள் 10 லட்சம் தர வேண்டும் என்பதுபோன்ற ஷரத்துக்குச் சம்மதிக்காதீர்கள், ஏனென்றால் அந்த நான்கு பேரும் யாருக்குக் கொடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் பென் டிரைவ்களை இப்போதே அப்படியே திரும்ப வாங்கி, உறையில் ஒட்டி, தேதி எழுதி வக்கீலிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் லேப்டாப்பிலும் காப்பி செய்திருந்தால் யார், எதில் என்று எழுதி வாங்குங்கள். 500 ரூபாயை இப்போது திருப்பி அனுப்ப வேண்டாம். அது ஒப்பந்தத்துக்குள் முடியட்டும். அழிப்பதும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, இரு தரப்பும் பார்க்க, எழுத்தில்.

நோட்டீஸ் கைக்கு வந்த தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். 15 நாள் கணக்கு அதில் இருக்கும் முத்திரையிலிருந்துதான் தெரியும். பத்தாவது நாளுக்குள் உறை, நோட்டீஸ், சந்தா ரசீது, ஜிபே பதிவு, பென் டிரைவ் பில், அணைத்த லேப்டாப் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.